பறக்கத் தெரியாத கூன்வண்டைத் தேடி

என் முதல் வெளிநாட்டுப் பயணம் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் தொடங்கியது. பாஸ்போர்ட் வாங்கியது அதற்குப் பிறகுதான். வெளிநாட்டுக்காரர் ஒருவரோடு சில நாள் சுற்றினால் சொந்த மாவட்டமே நம்மிடம் விசா கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

வந்தவர் பெயர் ரெத்னோ. இந்தோனேசியாவில் சுலவேசி என்றொரு தீவு இருக்கிறது. அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் கூன்வண்டுகளைப் பற்றி ஆராய்பவர். அரிசி டப்பாவைத் திறந்தால் மூக்கை நீட்டிக்கொண்டு ஓடுமே, அந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவைதான் அவருடைய வண்டுகளும். ஆனால் அவை அரிசி தின்பதில்லை. காட்டுச் சருகில் வாழ்பவை. கடுகளவு இருக்கும், கன்னங்கறுப்பு. முதுகு ஓடுகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போனதால் பறக்க முடியாது. அதனால் ஒரு மலையில் பிறந்த வண்டு அடுத்த மலையைப் பார்த்ததில்லை. மலைக்கு ஒரு சிற்றினம், தீவுக்கு ஒரு கூட்டம் என்று பிரிந்து கிடக்கின்றன. இத்தனையும் ஒரே பேரினம், ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை, அந்தத் தீவுகளை விட்டு ஒன்றுகூட வெளியே போனதில்லை என்று கிளைப்படம் போட்டு நிறுவியவர் ரெத்னோ. பாதி ஆயுசு அதற்குப் போயிருக்கிறது.

அந்தப் படத்தின் வேரில்தான் கும்மிடிப்பூண்டி கை வைத்தது. அவர்கள் ஊருக்கு இயந்திர உதிரிப்பாகம் ஏற்றி வந்த மரப்பெட்டி ஒன்றைத் திறந்தபோது மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கூன்வண்டு, உயிரோடு, நடந்து வந்திருக்கிறது. பெட்டியில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை முகவரி. வண்டு பார்ப்பதற்கு அச்சாக ரெத்னோவின் வண்டு மாதிரியே இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: மூக்கின்மேல் திருநீற்றுப் பட்டை போட்டதுபோல மூன்று கோடுகள்.

"எங்கள் மலைகளில் இப்படி மூன்று கோடு உள்ளது எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் ஏறாத மலைகள் இன்னும் இருக்கின்றன" என்று அவர் என் பேராசிரியருக்கு எழுதியிருந்தார். கடிதம் மேலும் இப்படிப் போனது: எங்கள் தீவு வண்டு எப்படியோ இந்தியா போய்த் திரும்பி வந்ததா, இல்லை உங்கள் ஊரில் பிறந்ததுதானா? உங்கள் ஊர் என்றால் என் கிளைப்படத்தைக் கிழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டும். அதைப் பார்க்க நேரில் வருகிறேன்.

பேராசிரியருக்கு முழங்கால் வலி. ஆகவே நான் போனேன். நான் தனசேகர், கடம்பத்தூர் பக்கத்து நெல்லுக்காரர் மகன், சென்னையில் கூன்வண்டு பற்றி முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். வந்த அன்றே ரெத்னோ ஒன்று சொன்னார். இந்த வண்டு இங்கே எந்த மண்ணில் வாழ்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அதை அவர்கள் சேகரிப்போடு ஒப்பிட நான் சுலவேசிக்கு வரலாம். கண்டுபிடிக்காவிட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை. அதாவது அவருக்கு வண்டு எங்கள் ஊராக இருக்கக் கூடாது. எனக்கு இருந்தே தீர வேண்டும். இரண்டு பேரும் இதை வெளியே சொல்லாமல், ரொம்ப மரியாதையாக, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரயிலில் போனோம்.

மீஞ்சூர் தாண்டியதும் எதிர் இருக்கைப் பெண்கள் இருவர் ரெத்னோவின் முக்காட்டையும், அவர் கழுத்தில் தொங்கிய உறிஞ்சுகுழாயையும் பார்த்துக் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். சின்னப் பூச்சிகளை வாயால் இழுத்துக் குப்பியில் சேர்க்கிற ரப்பர் குழாய் அது. பார்க்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வரும்.

"அஸ்ஸாம் பொண்ணுடி. கம்பெனில வேலைக்கு வந்துகீது."

"முடியாத பொண்ணுபோல. குழாயோட அனுப்பிகீறாங்க பாரு."

ஒருத்தி என்னிடமே கேட்டுவிட்டாள். "இன்னா தம்பி இவங்களுக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. வண்டு பாக்க வந்திருக்காங்க. வெளிநாடு."

"வண்டா? எங்க ஊட்டு ரேஷன் அரிசியில வந்து பாக்க சொல்லு. டிக்கெட்டு மிச்சம்."

நான் மொழிபெயர்த்தேன். ரெத்னோ அந்த அக்காவின் முகவரியைக் கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

தொழிற்பேட்டையில் எங்களுக்குச் சொல்லப்பட்ட இடம் ஒரு பேக்கிங் யார்டு. இரும்பாலைகளுக்கும் பெயின்ட் கம்பெனிகளுக்கும் பின்னால், மரப்பெட்டி செய்து இயந்திரங்களை அடைத்துக் கப்பலுக்கு அனுப்புகிற இடம். சூப்பர்வைசர் கன்னியப்பன். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் குங்குமம், காதில் பென்சில், வாயில் எப்போதும் பாதிச் சிரிப்பு. டீயும் பன்னும் வரவழைத்து எங்களை உட்கார வைத்துவிட்டு வெப்ப அறையைத் திறந்து காட்டினார். வெளிநாடு போகும் மரம் எல்லாம் இதற்குள் வெந்து வெளியே வந்த பிறகுதான் முத்திரை வாங்கும்.

"இதுக்குள்ள போனா எமனே வெந்துபோய்டுவான். வண்டு எம்மாத்தரம்?"

"வெந்த பிறகு மரத்தை என்ன செய்வீர்கள்?" என்று ரெத்னோ கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"இன்னா செய்வாங்க? பொட்டி அடிப்போம். ஆணி. அவ்ளோதான்."

யார்டு முழுக்கத் தேடினோம். மரத்தூள், ஆணி, பீடித்துண்டு. வண்டு இல்லை. பின்பக்கச் சுவரோரம் ஒரு வேப்பமரம் தெரிந்தது. அதன் அடியில் உடைந்த பெட்டிகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ரெத்னோ அந்தப் பக்கம் திரும்பினாலே கன்னியப்பன் குறுக்கே வந்தார்.

"அங்க வாணாம்மா. பாம்பு கீது."

"என்ன பாம்பு?" என்று ரெத்னோ ஆர்வமாகக் கேட்டார். அதைக் கன்னியப்பன் எதிர்பார்க்கவில்லை.

"பெரிய பாம்பு" என்றார் சுருக்கமாக. பிறகு குரலை இறக்கினார். "தம்பி, நீ தேடற வண்டு மரத்தோட வந்ததாத்தான் இருக்கும். மரம் கவரப்பேட்டைலேர்ந்து வருது. அங்க போய்ப் பாரு."

மறுநாள் காலை நாஷ்டாவுக்கு ஒரு தள்ளுவண்டியில் இட்லியும் வடைகறியும் சாப்பிட்டோம். ரெத்னோ வடைகறியைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். வடையை முதலில் பொரித்து, பிறகு உடைத்து, பிறகு குழம்பில் போடுவது ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடைக்காரரைக் கேட்டேன். "நேத்தி வடைய வேற இன்னா செய்ய சொல்ற?" என்றார் அவர். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ரெத்னோ இரண்டாவது தட்டு வாங்கினார்.

கவரப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். நாலு பேர் ஏறுகிற இடத்தில் ஒன்பது பேர். ரெத்னோவின் மடியில் யாருடைய கோழியோ இருந்தது. எங்கள் ஊரில் கோழிக்குத் தனி டிக்கெட் என்று அவர் சொன்னார். ஒரு பள்ளத்தில் ஆட்டோ ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றபோது எல்லோருக்கும் முன்னால் வெளியே குதித்தது கோழிதான். அதைப் பிடிக்கவே நேரமாகிவிட்டது.

மரக்கடையில் துளைவண்டுகள் நிறைய இருந்தன, எங்கள் வண்டு இல்லை. கடைக்காரர் எங்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"கன்னியப்பனா அனுப்ச்சாரு? அவரு எங்ககிட்ட மரம் எடுத்தே ரொம்ப நாளாச்சேப்பா."

ரெத்னோ என்னைப் பார்த்தார். நான் கன்னியப்பனுக்குப் போன் போட்டேன். அவர் சற்றும் தடுமாறவில்லை. "அப்டியா சொன்னான்? அப்ப கடம்பத்தூர் பக்கம் மாந்தோப்பு மரமாத்தான் இருக்கும். நீ அங்க போ."

கடம்பத்தூர் மாவட்டத்தின் மறுகோடி. எங்களை எவ்வளவு தூரம் அனுப்ப முடியுமோ அவ்வளவு தூரம் அனுப்புகிறார் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. என் சொந்த ஊர் என்பதால் சந்தோஷமாகப் பஸ் ஏறினேன்.

ஊத்துக்கோட்டையில் பஸ் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று இல்லை. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரியவர் "டப்பு திருப்பிக் குடு" என்று கண்டக்டரை விடாமல் துரத்திக்கொண்டிருந்தார். கண்டக்டர் எங்களைக் காட்டி, "பாரு நைனா, வெளிநாட்லேர்ந்து வந்தவங்களே சும்மா குந்திகினு கீறாங்க, நீ இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற" என்றார். பெரியவர் ரெத்னோவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவருக்கும் சேர்த்துப் பணத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்.

வீட்டில் அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ரெத்னோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டார். தன் அம்மாவும் இதே மீனை இதே மாதிரிக் காய வைத்து, இதைவிட இரண்டு மடங்கு மிளகாய் போடுவாள் என்றார். அம்மாவுக்கு முதல் பாதி பிடித்தது. இரண்டாவது பாதியைக் கேட்டதும் அடுப்படிக்குப் போய் இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள் கொண்டு வந்தாள்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடம் போகாதவர். நான் படிப்பது என்ன என்று இதுவரை அவருக்கு விளங்கியதே இல்லை. அன்றைக்கு ரெத்னோவை வைத்துக்கொண்டு ஒரு வழியாக விளக்கினேன். ஒரு மூதாதையிடமிருந்து பிரிந்தவை பங்காளிகள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பங்காளியாக இல்லாமல் போகலாம். பார்க்க வேறு மாதிரி இருந்தாலும் பங்காளியாக இருக்கலாம். எது எது எனக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

"அப்ப இதுங்களுக்குள்ள பங்காளிச் சண்ட உண்டா?"

"அது தெரியல நைனா."

"அத மொதல்ல கண்டுபுடி."

ரெத்னோ தன் வண்டுகள் மலையை விட்டு நகர்ந்ததே இல்லை என்று சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்மள மாதிரி. எங்க சாமி எங்கேர்ந்தோ வந்த சாமி இல்லம்மா. எங்க நெலத்துலயே மொளச்ச சாமி. நாங்களும் அப்டித்தான். இந்தப் பழவேற்காட்டு உப்புத்தண்ணிக்காரங்களாட்டம் எடம் எடமாப் போனவங்க இல்ல." நான் அதைக் கொஞ்சம் சுருக்கி மொழிபெயர்த்தேன்.

மாந்தோப்பில் வண்டு இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அன்று மாலை ரெத்னோ கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தார். "பறக்காது. நீந்தாது. மரத்தில் வாழாது, சருகில் வாழும். பெட்டியில் சருகு இல்லை. அப்படியானால் யாரோ சருகை உள்ளே வைத்திருக்கிறார்கள்." பிறகு, "நாளைக்குச் சொல்லாமல் போவோம்" என்றார்.

சொல்லாமல் போனோம். யார்டில் ஒரு பெரிய பெட்டி கிளம்பத் தயாராக இருந்தது. லாரிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். கன்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, கற்பூரத்தட்டோடு பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மூடாமல் விட்டிருந்த மூலைக்குள் கையை நுழைத்து வைத்துவிட்டு, கடைசிப் பலகையை ஆணியடித்தார்.

நிமிர்ந்தபோது நாங்கள் நின்றோம்.

"பாம்பா?" என்று ரெத்னோ தமிழில் கேட்டார். அந்த இரண்டு நாளில் அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல் அது.

கன்னியப்பன் பாதிச் சிரிப்பை மீதிக்குக் கொண்டுபோகப் பார்த்தார், முடியவில்லை. தார்ப்பாயை அவரே விலக்கினார். வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய மூன்று கல், ஒரு சூலம், முழங்கால் உயரத்துக்குச் சருகு. அவர் சொன்னது இது. அவர்கள் ஆட்கள் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற ஒரு தீவுக்காரர்கள். குலசாமி கன்னியம்மன் அங்கேதான் தோப்புக்குள் இருக்கிறாள். பிழைப்புக்காக இங்கே வந்தபோது சாமியை விட்டுவிட்டு வர முடியாதே. அதனால் கோயிலடி மண்ணை ஒரு பிடி அள்ளி வந்து, அதை வைத்து இங்கே மூன்று கல் நட்டார்கள்.

"புடிமண்ணு வச்சாதான் சாமி நம்மகூட வரும், இல்லன்னா அங்கயே இருந்துடும். மொதல்ல எங்க ஊட்டுக்கு மட்டும் வச்சோம். அப்புறம் ஒரு தபா ஒரு பொட்டி கடல்ல போய் ஒடஞ்சு வந்துச்சு. அன்னேலேர்ந்து வெளிநாடு போற பொட்டி ஒவ்வொண்ணுலயும் ஒரு சிட்டிக. இதுவரைக்கும் ஒரு பொட்டி ஒடையல தம்பி."

"வண்டு மட்டும் போயிருக்குதுண்ணே."

"அது ஆத்தா கூடப் போவுது. நான் இன்னா பண்ண?"

ரெத்னோ அதற்குள் தரையில் குப்புறப் படுத்திருந்தார். வெள்ளைத் துணி விரித்து, கன்னியம்மன் கல்லுக்கு மரியாதையாக ஒரு முழம் தள்ளிச் சருகை அள்ளிச் சலித்தார். துணியில் தூசி, சிலந்தி, வேப்பங்கொட்டை, கடுகு. கடுகு போல் இருந்தவை அசையவில்லை. கூன்வண்டுக்கு ஆபத்து வந்தால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். அதனிடம் வேறு ஆயுதம் இல்லை. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு கடுகு கால் முளைத்து நடந்தது.

லென்ஸில் மூன்று கோடு தெரிந்தது.

"பட்ட போட்டுக்கினு கீது பாரு" என்றார் கன்னியப்பன், லென்ஸை என்னிடமிருந்து பிடுங்கி. "நான் சொல்லல? இது ஆத்தா வண்டு." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. மெல்ல உட்கார்ந்தார். "தம்பி, இந்தம்மா இத எழுதிப் போடுவாங்களா?"

"எழுதித்தான் ஆகணும்ணே. வெந்த மரத்துல மண்ண வச்சு அனுப்புனீங்கன்னா முத்திரைக்கு அர்த்தமே இல்ல."

"முத்திரையப் புடுங்கிடுவாங்க. மொதலாளி என்னப் புடுங்கிடுவாரு. ரெண்டு பொண்ணு படிச்சிக்கினு கீது." அவர் பொய் சொன்ன இரண்டு நாளும் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல், அந்தக் குரலைக் கேட்டதும் எங்கேயோ போய்விட்டது. ரெத்னோவிடம் சொன்னேன். அவர் எழுந்து சருகைத் தட்டிக்கொண்டு, முதலில் தீவைப் பார்ப்போம் என்றார். நான் தைரியமிழந்தால் அவருக்குப் பசி வந்துவிடும். போகும் வழியில் ஒரு பன் சாப்பிட்டார்.

பழவேற்காட்டில் படகு ஏறினோம். கன்னியப்பன் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். தெற்கே காட்டுப்பள்ளிக் கிரேன்கள் வானத்தில் நட்டு வைத்ததுபோல் தெரிந்தன. பாதி வழியில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கன்னியப்பன் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கித் தள்ளினார், நான் இறங்கித் தள்ளினேன், ரெத்னோ இறங்கி எங்களை விடப் பலமாகத் தள்ளினார். எங்கள் கடலில் இப்படித்தான் வாரம் ஒருமுறை என்றார். படகுக்காரர் அவரிடம் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

தீவில் கன்னியப்பனின் அக்கா சமைத்துப் போட்டாள். நண்டு, இறால், கூடவே ஒரு புளிக்குழம்பு. அக்கா எதையும் கேட்பதில்லை. தட்டு காலியானால் போடுவாள், காலியாகாவிட்டால் முறைப்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு தோப்புக்குப் போனோம். சின்னத் தோப்பு, நாவலும் வேம்பும் பின்னிக் கிடந்தது. கன்னியம்மன் கல்லடியில் சலித்தவுடன் துணி முழுக்கக் கடுகு. தோப்பை விட்டுக் கொஞ்சம் வெளியே மணலில் சலித்தால் ஒன்றுமில்லை. இந்த வண்டின் உலகமே இந்தத் தோப்பு. இதைத் தவிர அதற்கு இருக்கிற ஒரே இன்னொரு ஊர் தொழிற்பேட்டை வேப்பமரத்தடிதான். அங்கே போனதும் சாமியோடுதான்.

வெயில் தாழ்வதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ரெத்னோ ஒரு வண்டைத் தேர்ந்தெடுத்துச் சாராயக் குப்பியில் போட்டு, சின்ன நுண்ணோக்கியை ஒரு கவிழ்த்த பானைமேல் வைத்து, ஊசியால் அறுக்க ஆரம்பித்தார். கன்னியப்பன் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"இப்ப இன்னா பாக்கறாங்க?"

"இது அவங்க வண்டுக்குப் பங்காளியா இல்லையான்னு."

"எத வச்சுக் கண்டுபுடிப்பாங்க? மூக்க வச்சா?"

"மூக்கு ஏமாத்தும்ணே. உள்ள ஒரு உறுப்பு இருக்கு. அத வச்சு."

"எந்த உறுப்பு?"

நான் அக்கா இருக்கிற பக்கம் பார்த்தேன். "ஆம்பள வண்டோடது."

"ஆம்பள வண்டோட எது?"

என் தயக்கம் ரெத்னோவுக்குப் புரியவில்லை. என்ன கேட்கிறார் என்றார். சொன்னேன். அவர் உடனே ஒரு குச்சியை எடுத்து மணலில் அந்த உறுப்பைப் பெரிதாக, தெளிவாக, வளைவோடு வரைந்து, ஒவ்வொரு சிற்றினத்துக்கும் இது தனித்தனி வடிவம், சாவி மாதிரி, அதனால் இதைப் பார்த்துத்தான் யார் யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிப்போம் என்று விளக்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கன்னியப்பன் மணல் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல வேள" என்றார் கடைசியில். "நம்மள குலசாமி எதுன்னுதான் கேக்கறாங்க."

ரெத்னோ தலையை நிமிர்த்தினார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. "பங்காளி இல்லை. வெளியே ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் ஒரே மாதிரி வாழ்க்கை. இருட்டு, சருகு, தீவு. உள்ளே முழுக்க வேறு. தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். மரபணுவையும் பார்த்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்வேன்." அவருடைய கிளைப்படம் தப்பித்தது. இந்த வண்டு யாரும் இதுவரை எழுதாத வண்டு. அதனால் என் பயணமும் தப்பித்தது. நாலு நாள் ஒருவரையொருவர் மரியாதையாகச் சந்தேகப்பட்டதில் அர்த்தமே இல்லாமல் போனது.

தப்பிக்காதவர் ஒருவர்தான். அவர் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ரெத்னோ யோசித்து யோசித்துச் சொன்னார். வண்டு பெட்டிக்குள் வந்த வழியை எழுதாமல் இருக்க முடியாது. ஆனால் வழி அடைக்கப்பட்டுவிட்டது என்றும் எழுதலாம், அது உண்மையாக இருந்தால். மண் கூடாது, சருகு கூடாது. வேறு எதையாவது வைக்கலாமா?

"சாமி மண்ணுக்குப் பதிலா வேற இன்னாத்த வைக்கிறது?" என்றார் கன்னியப்பன்.

"இந்தக் கோயில்ல குடுக்கற விபூதிய வைங்கண்ணே. அது ஏற்கெனவே வெந்ததுதானே. உங்க சூளைல மரம் வேகறதவிட நல்லா வெந்தது."

அவர் அதை மனதுக்குள் உருட்டிப் பார்த்தார். பிடித்திருந்தது. ஆனால் தானாக முடிவு செய்ய முடியாது, ஆத்தாவைக் கேட்க வேண்டும். பூ போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. கன்னியப்பனே மரத்துக்குப் பின்னால் போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து கல்முன் போட்டார். அக்காவின் பேத்தி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அவர் கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். நிஜமாகவே கண்ணில் தண்ணீர்.

எல்லோரும் படகுக்கு நடந்தபோது நான் கடைசியாக நின்று, எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளைதான். திரும்பினால் பின்னால் ரெத்னோ நின்றிருந்தார்.

"இதை மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார்.

ரெத்னோ ஊருக்குப் போய் எழுதிய அறிக்கையில் எல்லாம் இருந்தது: தோப்பு, சருகு, மூலைப் பொட்டலம், இப்போது பொட்டலத்தில் சாம்பல் மட்டும். யார்டின் முத்திரை பிழைத்தது. மரபணு முடிவும் வந்தது, பங்காளி இல்லை. கன்னியப்பனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அத நான் அன்னிக்கே மணல்ல பாத்தனே" என்றார்.

எனக்கு விசா வந்தது. கிளம்பும் நாள் அம்மா ஒரு மஞ்சள் துணி முடிச்சோடு வந்தாள். எங்கள் குலசாமி இருப்பது எங்கள் நிலத்து வரப்போரம், ஒரு நுணா மரத்தடியில். அங்கிருந்து அள்ளிய மண். விமானத்தில் மண் கொண்டுபோகக் கூடாது, வெந்த மண்ணானாலும் கூடாது. அதை அம்மாவுக்குப் புரிய வைப்பதைவிட, வறுத்து எடுத்துப்போகிறேன் என்று சொல்லி, வறுத்ததை மறுபடி மரத்தடியிலேயே போட்டுவிட்டுப் போவது எளிது என்று கணக்குப் போட்டேன். தோசைக்கல்லை எடுத்து வைத்து மண்ணைப் பரப்பினேன்.

"சாமியவா வறுக்கற?" என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா.

"கன்னியப்பண்ணன் ஆத்தாவே ஒத்துக்கிச்சு நைனா."

"அது ஏரிச் சாமி. இது நம்ம மண்ணுலயே மொளச்ச சாமி."

அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தேன். கல்லின் ஓரத்தில் ஒரு கடுகு கிடந்தது. தாளித்தபோது ஒட்டிக்கொண்டது என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன். பிறகு என்னவோ தோன்றி, தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தேன். அப்பா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

கடுகுக்குக் கால் முளைத்தது. மெதுவாக நடந்து, தோசைக்கல் விளிம்புக்கு வந்து நின்றது.

லென்ஸை எடுத்தேன். மூன்று கோடு. விளக்கத் தேவையில்லை. இந்த வண்டு பறக்காது, நீந்தாது, தானாக ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊர் போகாது என்பதை அப்பாவுக்கு அந்தக் கட்டிலில் வைத்து விளக்கியவனே நான்தான். ஏரித்தீவுத் தோப்பு மண்ணை எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் பிடி பிடியாக அள்ளிக்கொண்டு கடம்பத்தூர் வரை நடந்து வந்திருக்கிறார். அந்த ஒருவர் யாருடைய மூதாதை என்பதில் எங்கள் வீட்டில் இப்போது நிறையச் சந்தேகம் இல்லை.

அப்பா லென்ஸை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அந்தக் கன்னியப்பன்" என்றார்.

"ஆமா நைனா."

"பங்காளியா?"

"அப்டித்தான் தெரியுது."

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. பிறகு வரப்புப் பக்கம் திரும்பி, எங்கள் நெல்லைக் கோடியிலிருந்து கோடிவரை ஒருமுறை பார்த்தார்.

"வாயத் தொறக்காத" என்றார் தாழ்ந்த குரலில். "நெலத்துல பங்கு கேட்டுடப் போறான்."

நான் வண்டை விரலால் மெல்லத் தொட்டேன். அது ஆறு காலையும் மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்தது. அப்பா கட்டிலுக்குப் போய், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, அதே மாதிரி படுத்துவிட்டார்.